பேரிங் வரவில்லையா? சுத்தியலைக் கீழே வையுங்கள்!

கரிசல் காட்டில் புரட்டாசிப் பட்டம் யாருக்கும் காத்திருக்காது. மழை இறங்கி, மண் பதமாக இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து டிராக்டரின் கியர் பாக்ஸ் முனக ஆரம்பித்தால், வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் வராது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பட்டறையில் அப்படி வந்த பழைய டிராக்டரைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கியரை ஒட்டியிருந்த பேரிங், ஷாஃப்டை விட்டு அசையவில்லை. புல்லர் மாட்டித் திருகியும் பலனில்லை. "ரெண்டு போடு போடுங்க அண்ணாச்சி, வந்துரும்" என்று அவசரப்படுத்தினார் டிராக்டர்காரர். வயதான மெக்கானிக் பதில் சொல்லாமல், டீசலில் நனைத்த துணியால் ஷாஃப்டை அழுத்தித் துடைத்தார். பிசுக்குக்கு அடியில் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. சர்க்கிளிப்! "இதக் கழட்டாம அடிச்சிருந்தா காடி உடைஞ்சு ஷாஃப்டே போயிருக்கும் தம்பி" என்றார். அதை எடுத்ததும் பேரிங் புல்லரோடு வந்துவிட்டது.

வராத பாகத்தை ஏதோ ஒன்று பிடித்திருக்கும். அது சர்க்கிளிப்பாக இருக்கலாம், லாக் நட்டாக இருக்கலாம், துருவாக இருக்கலாம், ஷாஃப்டில் எழும்பிய பிசிறாகவும் இருக்கலாம். துரு என்றால் துரு நீக்கும் ஆயிலை விட்டு ஓர் இரவு ஊற விடலாம். பிசிறு என்றால் அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு இழுக்க வேண்டும்.

இழுப்பதிலும் முறை இருக்கிறது. ஷாஃப்டில் இறுகிய பேரிங்கை உள் வளையத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். வெளி வளையத்தைப் பிடித்தால் முழு விசையும் குண்டுகள் வழியாகப் போகும். அவை ஓடும் பாதையில் பள்ளம் விழும். வேறு வழியில்லாமல் அப்படி எடுத்த பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது. புல்லர் கொக்கி நுழைய இடமில்லை என்றால், பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டு போவதே நல்லது.

பேரிங் இரும்பு மிகக் கடினமானது. சுத்தியலால் நேரடியாக அடித்தால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நடுவில் பித்தளைக் கம்பியை வைத்துத் தட்ட வேண்டும். கண்ணாடி போடாமல் இந்த வேலையில் யாரும் இறங்க வேண்டாம். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

சிலர் காஸ் தீயைக் காட்டிக் கழற்றுவார்கள். கியர் பற்கள் சூடேற்றிக் கடினப்படுத்தப்பட்டவை. தீ பட்டு நீலம் பாய்ந்த பல், கடினத்தை இழந்து சீக்கிரம் தேய்ந்துவிடும்.

புதிய பேரிங்கை மாட்டும்போது அளவான சூடு உதவும். 50 மி.மீ. துளையுள்ள பேரிங்கை 80 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால், துளை ஏறக்குறைய 0.05 மி.மீ. விரியும். அடி இல்லாமல் ஷாஃப்டில் இறங்க அது போதும். ஆனால் பேரிங்கின் சூடு 120 டிகிரியைத் தாண்டக் கூடாது. வெப்பமானி வைத்திருக்கும் பட்டறையில் இதைச் செய்வது பாதுகாப்பு.

பிரித்த பாகங்களை வரிசை மாறாமல் சுத்தமான சாக்கில் அடுக்கி, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஷிம் எங்கே இருந்தது, கியரின் எந்தப் பக்கம் முன்னே இருந்தது என்ற குழப்பம் மாட்டும்போது வராது.

எல்லாவற்றையும்விட, இந்த வேலையைப் பட்டத்துக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. சித்திரை, வைகாசியில் கியர் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. இரும்புச் சில்லுகள் தென்பட்டால் உள்ளே ஏதோ உடைகிறது. கோடையில் பிரித்தால் பழைய மாடலுக்கு உதிரி பாகம் தேட நாள் இருக்கும். மெக்கானிக்குக்கும் நிதானம் இருக்கும்.