அக்காவுக்குப் பாலைவனத்திலிருந்து

வார்சசாத், மொராக்கோ

அன்புள்ள அக்கா,

"காசு கொடுத்து வெயிலில் வேகப் போனாயே, அப்படி என்னதான் கிடைத்தது?" என்று போனில் கேட்டாய். லைன் விட்டுவிட்டு வந்தது. எனக்கும் உடனே சொல்ல வரவில்லை. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாய் என்று புரிந்தது. அதனால்தான் ஹோட்டலுக்கு வந்து குளித்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் உன் பயம். மவ்ரோ ப்ரோஸ்பெரி கதையைப் படித்துவிட்டு நீ தூங்கவே இல்லை என்று அத்தான் சொன்னார். 1994-இல் நான் ஓடிய இதே பாலைவன ஓட்டத்தில் மணற்புயலில் திசை தவறி, ஒரு வாரத்துக்கும் மேல் அலைந்து, எல்லை தாண்டி அல்ஜீரியாவில் மீட்கப்பட்டவர் அவர். பிற்பாடு அதே ஓட்டத்துக்குத் திரும்பி வந்து ஓடினார், அதையும் சேர்த்துப் படி. இப்போது ஆளுக்கொரு கருவி கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது ஓட்டத்தை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

இந்த ஓட்டத்தைத் தொடங்கியவர் பத்ரிக் பவுவேர் என்ற பிரெஞ்சுக்காரர். 1984-இல் சகாராவில் தன்னந்தனியாக 12 நாளில் 350 கிலோமீட்டர் நடந்தவர். இரண்டு வருஷம் கழித்து 23 பேரைக் கூட்டி ஓடவைத்தார். இன்று ஆயிரம் பேர் வருகிறார்கள். ஏறக்குறைய 250 கிலோமீட்டர், கட்டம் கட்டமாக. ஒரு வாரச் சாப்பாடு, தூங்கும் பை எல்லாம் நம் முதுகில்தான். தண்ணீரும் கூடாரமும் மட்டும் அவர்கள் தருவார்கள்.

பாலைவனம் என்றதும் நீ மணலை நினைக்கிறாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மணல்மேடு நடுவில்தான் வருகிறது. மற்றதெல்லாம் கல்லாந்தரை, வெடித்த ஏரிப்படுகை, ஒரு புல்கூட இல்லாத மொட்டை மலை. மணலுக்கு உடம்பு எப்படியோ பழகிக்கொள்கிறது. காலைப் பதம் பார்ப்பது கல்தான்.

நாலாம் கட்டம்தான் பெரிய கட்டம், எண்பது கிலோமீட்டருக்கு மேல். அன்று முன்னணி ஓட்டக்காரர்களை எங்களுக்கு மூன்று மணி நேரம் பின்னால் கிளப்பிவிடுவார்கள். அதனால் மெதுவாகப் போகிறவர்களுக்கு மற்ற நாளில் கிடைக்காத ஒன்று அன்று கிடைக்கிறது: முன்னணிக்காரர்கள் ஓடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இந்த ஓட்டத்தைப் பத்து முறை வென்ற லாசென் அஹன்சால் இந்த மண்ணுக்காரர். அவருக்குப் பிறகும் பெரும்பாலும் மொராக்கோக்காரர்கள்தான் ஜெயிக்கிறார்கள். அவர்கள் கல்மேல் கால் வைப்பதைப் பார்க்கவேண்டும் அக்கா! சத்தமே இல்லை. தாண்டிப் போகும்போது எங்களைப் பார்த்துக் கை தட்டிவிட்டுப் போனார்கள். யார் யாருக்குத் தட்டவேண்டும்?

ராத்திரி ஆனதும் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நாலடி தரைதான் தெரிந்தது. நள்ளிரவுக்கு முன்னால் ஒரு இடத்தில் இனி முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வரவில்லை. உப்பு மாத்திரை ஒன்றைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, அடுத்த சாவடிவரை மட்டும் போவோம் என்று எழுந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அந்தச் சோர்வைக் காணோம். கொப்புளம் அப்படியே இருக்கிறது, பை அப்படியே கனக்கிறது, ஆனால் நான் நன்றாக நடந்துகொண்டிருக்கிறேன். விடியும் முன் மறுபடி வந்தது, மறுபடி போனது. சோர்வு ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் ஆளைச் சாய்த்துவிடும் என்றுதான் இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். அது வந்து, இருந்துவிட்டு, போகிறது. நீ கேட்டாயே, கிடைத்தது இதுதான். யாராவது வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் கூடாரத்தில் எட்டுப் பேர், ஒருவரையொருவர் முன்பின் தெரியாது. கறுப்புத் துணியைக் கழியில் தூக்கிக் கட்டியிருப்பார்கள். காற்றடித்தால் வாயெல்லாம் மணல். அங்கே என் கொப்புளத்துக்கு மருந்து போட்டவர் ஐம்பது வயதுத் தச்சர். தன் கால் அதைவிட மோசமாக இருந்தும் என் காலைத்தான் முதலில் பார்த்தார். யாரும் யாரையும் வேலை என்ன, சம்பளம் என்ன என்று கேட்கவில்லை. தூங்கினாயா, சாப்பிட்டாயா, கால் எப்படி இருக்கிறது என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா?

நீ அனுப்பிய செய்தியைத் தாளில் அச்சடித்து சாயங்காலம் கூடாரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். "மெதுவாகப் போ, யாரும் உன்னைத் துரத்தவில்லை" என்று எழுதியிருந்தாய். எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மறுநாள் மலை ஏறும்போது அந்தத் தச்சர் அதையே திருப்பி என்னிடம் சொன்னார்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். இரண்டு கால்விரல் நகம் கறுத்திருக்கிறது, விழுந்துவிடும். அம்மா பார்ப்பதற்குள் நீயே பக்குவமாகச் சொல்லிவை. வந்ததும் காலையில் கண்மாய்க் கரையில் உன்னோடு நடக்கவேண்டும். வேகமாக இல்லை, நீ நடக்கிற நடையில்.

அன்புடன்,
உன் தங்கை