ஒரு ரூபாய் அபராதமும் பரோக் சுரங்கத்து ஆவியும்

இந்தியாவில், கால்காவிலிருந்து இமாசலப் பிரதேசத்தின் சிம்லாவுக்கு ஏறும் மலை இரயிலுக்கு 96 கிலோமீட்டர் பாதை. நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். அவற்றில் மிக நீளமானது 33ஆம் எண் சுரங்கம், 1,143 மீட்டர். அதன் வாயிலிலேயே பரோக் நிலையம். இரயில் நின்றதும் எல்லாரும் தேநீருக்கு ஓடினார்கள். நான் தேடிப் போனது மலைக்காட்டில் கைவிடப்பட்டுக் கிடக்கும் இன்னொரு சுரங்கத்தை. வானொலியில் பேய்க்கதை கேட்கும் நேயர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஏது?

ஊரார் சொல்லும் கதை இதுதான். பரோக் என்ற ஆங்கிலேயப் பொறியாளர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று மலையை இரு பக்கமிருந்தும் குடையச் சொன்னார். கணக்கு பிசகியது, இரண்டு பக்கமும் நடுவில் சந்திக்கவே இல்லை. அவருக்கு அபராதம் விதித்தார்கள். எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு ரூபாய்! பணம் பெரிதல்ல, அவமானம்தான் தாங்கவில்லை. நாயோடு நடக்கப் போனவர், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டாராம்.

பிறகு ஹாரிங்டன் என்ற தலைமைப் பொறியாளர் வேறு இடத்தில் சுரங்கத்தை முடித்தார். அவருக்கு வழிகாட்டியவர் பால்கு என்ற மலைவாசி என்கிறார்கள். கைத்தடியால் பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே எங்கே குடையலாம் என்று சொல்வாராம். ஒலியை நம்பிப் பிழைக்கும் எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சிம்லா இரயில் அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1903இல் திறந்த இந்தப் பாதை, 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பழைய சுரங்கத்தின் வாயிலில் ஈரக்காற்று முகத்தில் அடிக்கிறது. உள்ளே நீர் சொட்டும் சத்தம் மட்டுமே. போகிறவர்கள் பகலில் போங்கள். வெளியே நின்று பார்த்தாலே போதும்.

பரோக் ஆவியாக இங்கே உலவுகிறார் என்பார்கள். ஆனால் யாரும் பயப்படுவதில்லை. எதிரே வருவார், பேசுவார், போய்விடுவார் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். அபராதம் போட்ட அதிகாரி யாரென்று கதையில் இல்லை. தோற்றவர் பெயரோ ஊருக்கும் நிலையத்துக்கும் நிலைத்துவிட்டது.

அலுவலகத்தில் ஒரு கணக்கு தப்பினாலே தூக்கம் தொலைக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். அதே மலையில் வேறு வழி கிடைத்தது, இரயிலும் ஓடியது. பார்க்கத்தான் அவர் இல்லை.