புகைக்கு முதலில் வழி

பழைய வீடு வாங்க வருகிறவர்களை மயக்குவது கணப்புத்தான். ஒன்ராறியோவில் எங்கள் கிங்ஸ்ரன் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் வீடுகள் பல பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. கூடத்துச் சுவரில் அகன்ற வாய், அதற்கு மேலே ஒரு கனத்த மரத்தட்டு, அடியில் காலால் தேய்ந்த கல். வீட்டு முகவர் அதன் முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்பார். அந்த மௌனத்திலேயே விலை சில ஆயிரம் டொலர் ஏறிவிடும்.

குடி புகுந்து முதல் குளிர்காலம் வரும்போதுதான் அதன் சங்கதி விளங்கும். திறந்த கணப்பில் எரிகிற விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே அறைக்குக் கிடைக்கிறது. மிச்சமெல்லாம் புகையோடு மேலே போகிறது. போகிற புகை தனியாகவும் போவதில்லை. காஸுக்குக் காசு கொடுத்து நாங்கள் சூடாக்கி வைத்த காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்ப யன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, நிலவறைப் படி என்று எல்லா வழியாலும் ஜனவரிக் குளிர் உள்ளே வரும். நெருப்பின் முன்னால் உட்கார்ந்தால் முகம் வேகும், முதுகு விறைக்கும். நெருப்பு அணைந்த பிறகும் புகைக்குழல் திறந்தே இருக்க வேண்டும், தணல் முழுதாக அவியும் வரை. அதாவது விடிய விடிய வீட்டில் ஒரு யன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

இதற்குப் பரிகாரம், அந்த வாய்க்குள் செருகி வைக்கிற இரும்பு அடுப்பு. இங்கே இன்செர்ட் என்பார்கள். கண்ணாடிக் கதவு, காற்றை அளந்து விடும் ஒரு பிடி, உள்ளே மேல்பக்கம் துளையிட்ட குழாய்கள். அந்தத் துளைகளால் வரும் சூடான காற்றில் புகையே இரண்டாம் முறை தீப்பற்றி எரியும். விறகின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீட்டுக்குள் தங்கிவிடும்.

இது புதிய யோசனை என்று நினைத்தால் தவறு. பென்ஜமின் பிராங்ளின் 1744-இல் ஒரு சிறுநூல் வெளியிட்டு விளக்கிய 'பென்சில்வேனியக் கணப்பு', சுவர்க் கணப்புக்குள் பொருத்துகிற இரும்புப் பெட்டிதான். காப்புரிமை தருகிறோம் என்றார்கள், அவர் வேண்டாமென்று விட்டார். அந்த மனிதருக்கும் ஓரிடத்தில் கணக்குப் பிசகியது. வெப்பத்தை முழுக்கப் பிழிந்தெடுக்க ஆசைப்பட்டு, புகையை ஏற்றி, இறக்கி, தரைக்கடியால் சுற்றிப் புகைபோக்கிக்கு அனுப்பினார். சுற்றி வந்த புகை ஆறிப்போனது. ஆறிய புகைக்கு மேலே ஏற வலு ஏது? அடுப்பு இழுக்கவில்லை. பிறகு டேவிட் ரிட்டன்ஹவுஸ் என்பவர் குழாயின் போக்கை மாற்றியமைத்தார்.

விறகடுப்பைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதும் பிராங்ளின் இடறிய இந்த இடத்தைப் பற்றித்தான். கடைக்குப் போகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், வார்ப்பிரும்பின் பூவேலையைப் பார்க்கிறார்கள். அடுப்பை ஓட வைப்பது அதற்கு மேலே இருக்கிற குழல். சூடான புகை பாரம் குறைந்தது, மேலே எழும், எழும்போது கீழிருந்து புதுக் காற்றை உறிஞ்சும். புகை ஏறத்தாழ 120 பாகை செல்சியஸுக்குக் கீழே ஆறினால் அதிலுள்ள நீரும் தாரும் குழல் சுவரில் படிந்து கிரியோசோட் என்கிற கறுப்புப் பிசினாகும். அது ஒருநாள் தீப்பிடித்தால் 1,100 பாகை வரைகூடப் போகும். எங்களுடைய வீடு போன்ற பழைய வீடுகளில் உள்ளுறை எதுவும் கிடையாது, வெறும் செங்கல் குழல். நூறு வருடத்தில் இடையிலுள்ள சாந்து உதிர்ந்திருக்கும். அந்த இடுக்கால் நெருப்பு எட்டிப் பார்த்தால் பக்கத்திலேயே காய்ந்த உத்தரம்.

ஆகவே அடுப்பு வாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் உண்மையில் வாங்கியது ஒரு குழாய். ஆறங்குல விட்டம், துருப்பிடிக்காத உருக்கு, பாம்புபோல வளையக் கூடியது, மேலே வெப்பம் கடத்தாத போர்வை. செங்கல் குழலின் குறுக்குப் பரப்பு அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு அகலத்தில் சின்ன அடுப்பின் புகை சோம்பி நின்று ஆறிவிடும். வேலையாட்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் கூரையில் நின்று குழாயை இறக்க, மற்றவர் கணப்புக்குள் தலையைக் கொடுத்துக் கயிற்றால் இழுத்தார். பழைய இரும்பு அடைப்பானை அறுத்து எடுத்தார்கள். குழாயைச் சுற்றியிருந்த வெற்றிடத்தைக் கணப்பின் கழுத்தில் ஒரு தகட்டாலும் கல்நார்ப் பஞ்சு போன்ற கனிமக் கம்பளியாலும் அடைத்தார்கள். பல பொருத்துநர்கள் இந்தத் தகட்டைத் தவிர்க்கப் பார்ப்பார்கள், வெளியே தெரியாத வேலை என்பதால். அது இல்லாவிட்டால் அடுப்பின் சூட்டில் ஒரு பகுதி கல்லுக்குள் ஏறிப் போய்விடும். கேட்டு வாங்க வேண்டும். அடுப்பு கடைசியாகத்தான் உள்ளே போனது, அதுவும் சில நிமிடங்களில்.

வசந்தத்திலும் கோடையிலும் இந்த வேலையை வைத்தால் முதலில் மேலே பார்க்க வேண்டும். புகைபோக்கி உழவாரன் என்றொரு குருவி பழைய செங்கல் குழல்களுக்குள் கூடு கட்டும். கனடாவில் அருகி வரும் இனம், சட்டப் பாதுகாப்பு உண்டு. குஞ்சு இருக்கையில் குழலை மூட முடியாது.

ஒன்ராறியோவில் விறகடுப்பு பொருத்த நகரசபை அனுமதி வேண்டும், காப்புறுதிக்காரர் விறகடுப்புகளுக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற பரிசோதகரின் அறிக்கை கேட்பார். அளவுகள் எழுதி வைத்தபடிதான். கதவுக்கு முன்னால் 450 மில்லிமீற்றர் தூரத்துக்குத் தீப்பிடிக்காத தரை. குழலின் தலை கூரைக்கு மேலே மூன்றடி, பத்தடி சுற்றுக்குள் உள்ள கூரை எதையும்விட இரண்டடி உயரம். சிலர் இதை அரசாங்கத்தின் தொல்லை என்பார்கள். 2008-இல் உட்ஸ்ரொக் நகரில் எரிவாயுக் கணப்பின் வெளிக்குழல் அடைபட்டு ஒரே வீட்டில் நான்கு பேர் கார்பன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். எரிபொருள் எரிகிற வீடுகளில் அபாயமணி கட்டாயம் என்கிற சட்டம் ஒன்ராறியோவில் அதன் பிறகு வந்தது. எனக்குத் தொல்லையாகத் தெரியவில்லை.

எந்த அளவு அடுப்பு என்பதில் கடைக்காரருக்கும் எனக்கும் இழுபறி. பெரிதை வாங்குங்கள், ஒரு முறை கட்டை போட்டால் விடியும் வரை எரியும் என்றார். சொன்னது உண்மை. ஆனால் ஒரு கூடத்துக்குப் பெரிய அடுப்பு என்றால் வெக்கை தாங்காமல் காற்றை நெரித்து வைப்போம். நெரித்த அடுப்பு புகையும். புகை குழலில் பிசினாகும். சின்ன அடுப்பை முழு வீச்சில் எரிக்கலாம், புகைபோக்கியின் தலையில் வெறும் காற்று அலையாடுவது மட்டுமே தெரியும். நடுச்சாமத்தில் எழும்பிக் கட்டை போட வேண்டுமே என்றால், நான் போடுவதில்லை. அந்நேரம் காஸ் சூளை தன் வேலையைப் பார்க்கட்டும்.

விறகு விஷயத்தில் எங்கள் வீட்டு நிபுணர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த மாமி. காய்ந்தது என்று சொல்லி ஒருவர் லொறியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனார். மாமி சால்வையைப் போர்த்துக்கொண்டு வெளியே வந்து இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார். "மருமகன், உது பச்சை. கேளுங்கோ, சத்தம் அமுங்கிப் போகுது. காஞ்சதெண்டால் கணீரெண்டல்லோ கேக்கும்?" ஈரமானியை வாங்கி, ஒரு கட்டையைப் பிளந்து புது முகத்தில் குத்திப் பார்த்தேன். முப்பதுக்கு மேலே காட்டியது. இருபது சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் அடுப்புக்கு ஆகும். அதற்கு மேலே என்றால் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே நெருப்பில் ஒரு பகுதி போகும். பனைமட்டையும் பூவரசுமாகக் குசினிப் பரணில் அடுக்கி, அடுப்புச் சூட்டிலேயே காயவைத்துப் பழகியவருக்கு மானி எதற்கு? அந்த லொறி விறகை ஒரு வருடம் வெயில் காற்றுப் பட அடுக்கி வைத்தோம். ஓக் என்றால் இரண்டு வருடம் வேண்டும். இப்போது எங்கும் கிடைப்பது ஆஷ் மரம். ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டு 2002-இல் வட அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அந்த மரங்கள் காடு காடாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல விறகு, துயரமான விறகு.

அளவிலும் கவனம் வேண்டும். புஷ் கோர்ட் என்பது எட்டடி நீளம், நான்கடி உயரம், நான்கடி ஆழம், மொத்தம் 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் என்பது முன்முகம் மட்டும் அதே அளவு, ஆழம் ஒரு கட்டை நீளம். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் வெறுமனே கோர்ட் என்றிருந்தால் எது என்று கேளுங்கள்.

தமிழ்க் குசினிக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. மிளகாய் வறுக்கையில் நாங்கள் புகை உறிஞ்சியை முழு வேகத்தில் விடுவோம். அது வீட்டுக் காற்றை வெளியே தள்ள, புகைபோக்கியால் காற்று உள்ளே இறங்கும், கூடத்தில் விறகுப் புகை. சமையல் நேரத்தில் யன்னலை இரண்டு விரல் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

எல்லோரும் வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வீடுகள் நெருங்கிய ஸ்காபரோவில் இருந்திருந்தால் வைத்திருக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக் குழந்தையும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. மொன்றியலில் மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் துகள் வெளியிடுகிற விறகடுப்புகளை 2018 ஒக்ரோபர் முதல் எரிக்க முடியாது. சரியான சட்டம். ஆனால் எங்கள் பக்கம் 1998 ஜனவரிப் பனிமழையை ஒருவரும் மறக்கவில்லை. மழை விழுந்த இடத்திலேயே உறைந்து, மின்கம்பங்கள் முறிந்து, சில இடங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, இராணுவம் வந்தது. விறகடுப்பு இருந்த வீடுகளில் அயலவர்கள் கூடித் தூங்கினார்கள் என்று பக்கத்துக் கிழவர் இன்றும் சொல்வார். ஆகவே சூட்டைத் தள்ளும் மின்விசிறி ஓடாவிட்டாலும் சூடு தரக்கூடிய, முகம் சற்று வெளியே நீட்டிய மாதிரியைத் தேர்ந்தெடுத்தோம்.

கணப்பு உள்ள பழைய வீடு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே புகைபோக்கிக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வழமையான வீட்டுப் பரிசோதனையில் அது சேர்ந்திருக்காது.