இரட்டைச் சட்டை போட்ட அமீபா

(மூன்றாம் ஆண்டு, சிவில்)

அமீபா என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது நண்பர்களே? எனக்கு ராயகிரியில் படித்தபோது அறிவியல் நோட்டில் போட்ட படம்தான். கோணல்மாணலாக ஒரு கோடு, நடுவில் ஒரு பொட்டு, 'போலிக்கால்' என்று ஓர் அம்புக்குறி. முழு மார்க்கும் கிடைக்கும். உருவமே இல்லாத பிராணியை எப்படித் தப்பாக வரைய முடியும்?

டிப்ளமோவில் சேர்ந்தபின் அதை மறந்தே போனேன். 2025 ஓணம் சமயத்தில் அது ஹாஸ்டலுக்கே வந்துவிட்டது, செய்தியாக. 'மூளையைத் தின்னும் அமீபா, கேரளாவில் பலி' என்று ஆளாளுக்கு செல்போனை நீட்டினார்கள். செங்கோட்டைக்காரன் ஒருவன், "மாப்ள, இனி குத்தாலமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பக்கெட்டும் மக்கும்தான்" என்று சத்தியமே செய்தான். எங்களுக்குக் கேரளா தூரதேசம் இல்லையே. செங்கோட்டையைத் தாண்டினால் புளியரை, அதைத் தாண்டினால் ஆரியங்காவு. ஐயப்ப சாமிகள் கார்த்திகை, மார்கழியில் இரண்டு பக்கத் தண்ணீரிலும் குளித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

ஆகவே இந்தக் கட்டுரை. பயமுறுத்த அல்ல. பயப்பட வேண்டிய இடம் எது, வேண்டாத இடம் எது என்று பிரித்துச் சொல்ல.

பேதி உண்டாக்கும் அமீபா வேறு. அது நம் குடலை நம்பிப் பிழைக்கிறது. நான் சொல்லப் போவது யாரையும் நம்பாத கூட்டம். மண்ணிலும் தண்ணீரிலும் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு அதுபாட்டுக்கு வாழும். மனிதன் அதற்குத் தேவையே இல்லை. நாம் வழியில் போய் விழுந்தால்தான் வம்பு.

கேரளச் செய்தியில் அதிகம் அடிபட்ட பெயர் நெக்லேரியா ஃபௌலேரி. ஆஸ்திரேலியாவில் 1965-இல் இந்த நோயை முதலில் எழுதி வைத்த டாக்டர்களில் ஒருவரான மால்கம் ஃபௌலரின் பெயர்தான் அதற்கு. வெதுவெதுப்பான, தேங்கிய நன்னீர் என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். 45 டிகிரி சூட்டிலும் பெருகும். இந்தத் தண்ணீரைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. மூக்கின் உச்சியில் சல்லடை போன்ற ஒரு எலும்பு உண்டு. வாசனை அறியும் நரம்பு அதன் ஓட்டைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. அமீபாவும் அதே ரோட்டைப் பிடித்துப் போகிறது. அப்புறம் தலைவலி, காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு. உலகக் கணக்கில் நூற்றுக்கு 97 பேர் பிழைப்பதில்லை.

கேரளாவில் 2016-இல் ஆலப்புழையில் ஒருவருக்கு வந்தது. 2024-இல் மலப்புரம், கோழிக்கோடு, திருவனந்தபுரம் என்று பரவலாகத் தெரிய ஆரம்பித்தது. அந்த ஆண்டு ஜூலையில் கோழிக்கோடு மாவட்டத்துப் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் பிழைத்து வீட்டுக்குப் போனான். குளத்தில் குளித்த விஷயத்தை வீட்டார் உடனே டாக்டரிடம் சொன்னது பெரிய உதவி. காலா அசார் நோய்க்குத் தரும் மில்டிஃபோசின் மாத்திரையும் கை கொடுத்தது. 2025-இல் கேரள அரசு ஆகஸ்ட் 30, 31 தேதிகளில் கிணறுகளுக்கெல்லாம் குளோரின் போடும் இயக்கமே நடத்தியது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதால் அங்கே இறப்பு விகிதம் உலகக் கணக்கைவிட மிகக் குறைவு. எல்லா நோயாளிக்கும் நெக்லேரியாதான் காரணம் என்றும் இல்லை. அதன் பங்காளி ஒருவனும் உண்டு. அவனிடம் பிறகு வருகிறேன்.

நெக்லேரியாவைக் கொல்வது சிவில்காரனுக்குச் சுலபமான காரியம். காய்ந்தால் சாகும். கொதித்தால் சாகும். குளோரினுக்கும் சாகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் வெயில் காயும் தரைமேல் பல மைல் நீளத்துக்குக் குழாய் போட்டுக் குடிநீர் கொண்டு போனார்கள். குழாய்க்குள் தண்ணீர் சூடாகி, குளோரின் கரைந்து போய், கடைசி ஊர்களில் குழந்தைகள் செத்தார்கள். வழியில் மறுபடி மறுபடி குளோரின் சேர்த்தபிறகுதான் நின்றது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் 2011-இல் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவி இறந்தார்கள். 2013-இல் ஒரு சிறுவனும் இறந்தபின், குழாயின் கடைசி முனையிலும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்று அங்கே விதி வைத்தார்கள். நம் நாட்டுத் தர அளவு குறைந்தது 0.2.

நம் பக்கத்து மேல்நிலைத் தொட்டி ஒன்றில் ஏறிப் பார்த்தேன். ஆபரேட்டர் அண்ணாச்சி பிளீச்சிங் பவுடரைத் தேங்காய்ச் சிரட்டையால் அளக்கிறார்! "எத்தன சிரட்டை அண்ணாச்சி?" என்றால், "தண்ணி நெறத்தப் பாத்துப் போடணும் தம்பி, அதெல்லாம் கைக்கணக்கு" என்கிறார். நாம் படித்த கணக்கு இது: 60,000 லிட்டர் தொட்டிக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 120 கிராம் குளோரின். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின், ஆக 360 கிராம் பவுடர். அது புது மூட்டைக்கு. வாய் திறந்து வெயிலில் கிடக்கும் மூட்டையில் வீரியம் 20 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 600 கிராம் வேண்டும். சிரட்டைக்கு இது தெரியுமா? குழாயில் வரும் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் பிடித்து மஞ்சள் நிறத்தை ஒத்துப் பார்ப்பது ஒன்றே வழி. நம் லேப்பில் அந்தக் கருவி கண்ணாடி அலமாரிக்குள் பத்திரமாக இருக்கிறது!

குளத்துக்குக் குளோரின் போட முடியுமா என்று கேட்காதீர்கள். சேறும் பாசியும் அத்தனையையும் தின்றுவிடும். அங்கே செய்ய முடிந்தது மூக்கைப் பொத்திக்கொள்வதும், தலைகுப்புறக் குதிக்காமல் இருப்பதும், கோடையில் வற்றிய குட்டையைக் கலக்கி ஆடாமல் இருப்பதும்தான். மூக்கு கழுவுகிறவர்கள் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரால் கழுவ வேண்டும். மலையிலிருந்து சில்லென்று விழுந்து ஓடும் அருவி இந்த அமீபாவுக்குப் பிடித்த இடம் இல்லை. செங்கோட்டைக்காரன் சத்தியத்தைத் திரும்பப் பெறலாம்.

இனி அந்தப் பங்காளி. எங்கள் வீட்டில் புகுந்தவன் அவன்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிசான நடவு. எங்கள் பெரியப்பா தொளி வயலில் மம்பட்டியால் வரப்பு அணைத்துக்கொண்டிருந்தபோது சகதி தெறித்து வலது கண்ணில் விழுந்தது. வாய்க்கால் தண்ணீரை அள்ளிக் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தார். சாயங்காலம் கண் சிவந்தது. பெரியம்மை பக்கத்து வீட்டில் போய்த் தாய்ப்பால் வாங்கி வந்து விட்டாள். மூன்றாம் நாள் ஒரு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அது ஸ்டீராய்டு கலந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. சிவப்பு குறைந்தது. "சுகமாயிட்டுல்லா" என்று அவரும் விட்டுவிட்டார். சிவப்பை மட்டும் அமுக்கிவிட்டு உள்ளே இருந்த கிருமிக்கு அது சோறு போட்டிருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளையாக ஒரு வளையம். வலி தாங்காமல் ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கல்லைத் தலையில் தூக்கிப் போட்டாலும் முகம் சுளிக்காத மனிதர் அவர்.

திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். கருவிழியை லேசாகச் சுரண்டி எடுத்து, ஒரு சாயம் விட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். லேப்பில் இருந்த அக்கா, "தம்பி, பாலிடெக்னிக்கா? வா, வந்து பாரு" என்று கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் நீலமும் வெண்மையுமாக வட்ட வட்டமாகப் பளிச்சென்று மின்னியது. ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இன்னொரு வட்டம். அது அகாந்தமீபா. நிலைமை மோசமானால் இது தன்னைச் சுற்றி இரண்டு சுவர் எழுப்பி உள்ளே படுத்துக்கொள்ளும். உள்சுவரில் இருப்பது செல்லுலோஸ். நம் பருத்தி நூலில் இருக்கிறதே, அதே செல்லுலோஸ்! அந்தச் சாயமும் துணிக்கு வெண்மை ஏற்ற உதவுகிற சாயம்தானாம். சட்டையில் ஒட்டும் சாயம் அமீபாவின் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு மின்னுகிறது.

இந்த இரட்டைச் சட்டைதான் எல்லாக் கஷ்டத்துக்கும் காரணம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரினில் ஊறிய பிறகும் இது உயிரோடு இருந்ததை 1990-இல் ஓர் ஆய்வில் காட்டினார்கள். அதுவும் வயிற்றுக்குள் லெஜியனெல்லா என்ற நிமோனியாக் கிருமியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு! (மெக்கானிக்கல் நண்பர்கள் கூலிங் டவரைச் சுத்தம் செய்யும்போது இதை ஞாபகம் வைக்கவும்.) இருபது வருஷத்துக்கு மேல் காய்ந்து கிடந்த சட்டைக்காரன் தண்ணீர் பட்டதும் எழுந்து நகர்ந்ததும் உண்டு. நெக்லேரியாவுக்குச் செல்லும் வைத்தியம் இவனுக்குச் செல்லாது. சந்தேகமில்லாமல் செல்லுவது கொதிநீர். ஆனால் கண்ணில் கொதிநீர் ஊற்ற முடியாதே!

மேல்நாட்டில் இது கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் வியாதி என்று பெயர். ஆனால் 1973-இல் அமெரிக்காவில் முதலில் மாட்டியவர் கண்ணில் அடிபட்ட டெக்சாஸ் பண்ணைக்காரர். நம் திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை டாக்டர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வருஷத்தில் கருவிழிப் புண்ணோடு வந்த 3183 பேரில் 33 பேருக்கு அகாந்தமீபா. அந்த 33 பேரில் ஒருவர்கூட லென்ஸ் போட்டவர் இல்லை. பெரும்பாலும் கிராமத்து ஜனங்கள், வயல்வேலை செய்கிறவர்கள். நூற்றுக்கு ஒன்றுதானே என்று தோன்றும். அந்த ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மருந்தின் பெயர் பாலிஹெக்சாமெத்திலீன் பைகுவானைடு. நீச்சல் குளத்துக்குப் போடுகிற கிருமிநாசினி அது! அதை 0.02 சதவீதமாக நீர்க்கவிட்டுச் சொட்டுகிறார்கள். கூடவே குளோர்ஹெக்சிடின். முதல் சில நாள் மணிக்கு ஒருதரம், ராத்திரியிலும். அலாரம் வைத்து நானும் பெரியம்மையும் முறைபோட்டுக்கொண்டோம். அப்புறம் இரண்டு மணிக்கொரு தரம், நாலு மணிக்கொரு தரம் என்று மாதக்கணக்கில். சட்டைக்குள் படுத்திருப்பவன் எப்போது எழுவான் என்று சொல்ல முடியாது, அதனால் வலி போன பிறகும் நிறுத்தக் கூடாது. பஸ் செலவு, கூலி நஷ்டம் எல்லாம் சேர்த்து அந்தப் பூவில் நெல் விற்ற காசு போய்விட்டது.

அமீபா செத்தது. கருவிழியில் தழும்பு நின்றுவிட்டது. வலது கண்ணால் விரலை எண்ணுவார், அதுவும் பக்கத்தில் காட்டினால். கருவிழி மாற்றலாம் என்று டாக்டர் சொன்னார்கள். "ஒத்தக் கண்ணு போதும்டே, வரப்பு தெரியுது" என்கிறார். முதல் வாரமே வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றும் டாக்டர் சொன்னார்கள். அதைப் பெரியப்பா காதில் நாங்கள் போடவில்லை.

போன விடுமுறையில் நம் ஒர்க்‌ஷாப்பில் கிரைண்டிங் வேலைக்குப் போடுகிற கண்ணாடி மாதிரி ஒன்றை, தென்காசியில் அறுபது ரூபாய்க்கு வாங்கிப் போனேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதப் போட்டுட்டு வயலுக்குப் போனா ஊர்க்காரன் சிரிப்பான்லே" என்று ஆணியில் மாட்டிவிட்டார். ஆனால் பெரியம்மை அடுப்பில் வெந்நீர் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஒரு பாட்டிலில் ஊற்றிக் கஞ்சித் தூக்குவாளியோடு கொடுத்தனுப்புகிறாள். வயலில் யார் கண்ணில் சகதி பட்டாலும் வாய்க்கால் பக்கம் ஓடாமல் பெரியப்பாவிடம் வருகிறார்கள். கழுவி விட்டுவிட்டு, "ரெண்டு நாளு பாரு, செவப்பு நின்னா கடையில மருந்து கேக்காத, திருநெல்வேலிக்கு பஸ் ஏறு" என்கிறார். நடவுக்கு வந்த ஒரு அக்கா அப்படியே பஸ் ஏறியிருக்கிறாள். வெறும் கீறல்தானாம், நாலு நாளில் சரியாகிவிட்டது.