வாத்தியார் கையில் துப்பாக்கி



போன வாரம் என் பேரன் ஒரு படம் போட்டுவிட்டான். கண்ணுக்குப் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி, தலையில் தொப்பி, கையில் ராணுவத் துப்பாக்கியோடு நான் நிற்கிற படம். அன்றிலிருந்து ஒரே விசாரணை. "சார், பட்டாளத்துல சேர்ந்துட்டீங்களா?" என்று ஒருவன். "அப்போ பிரம்பு, இப்போ துப்பாக்கியா சார்?" என்று இன்னொருவன். என் தங்கை போனில் கூப்பிட்டு, "அண்ணே, அறுபத்தெட்டு வயசுல எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றாள். தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று டோக்கியோ வந்திருக்கிறேன். நிஷி கசாய் என்ற பகுதி. நம் நாட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிற இடம். மளிகைக் கடையில் புளியும் துவரம்பருப்பும் கிடைக்கிறது. பேரனுக்கு 19 வயது. கல்லூரியில் பொறியியல் படிக்கிறான். மாலையில் ஒரு கடையில் பகுதி நேர வேலை. அந்தச் சம்பளத்தைச் சேர்த்து வைத்து அவன் வாங்கியதுதான் நீங்கள் படத்தில் பார்த்தது. விலை 65,000 யென். நம் பணத்தில் 35,000 ரூபாய்க்கு மேல்.

முதலில் அது நிஜத் துப்பாக்கி இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஏர்சாஃப்ட் என்பார்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிய, 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைக் காற்றால் தள்ளுகிற விளையாட்டுத் துப்பாக்கி. ஜப்பானில் பிறந்த விளையாட்டு இது. மோட்டார் வைத்த துப்பாக்கியை டோக்கியோ மருய் என்ற நிறுவனம் 1991-ல் கொண்டு வந்தது. பிரெஞ்சு ராணுவத்தின் ஃபமாஸ் துப்பாக்கியைப் போல அதற்கு வடிவம். இன்று பல நிறுவனங்கள் செய்கின்றன. பேரன் வாங்கியது எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், இந்தக் கதைக்கு அது தேவையில்லை.

வேலை செய்யும் விதம் எளிமையானது. மெரினாவில் பலூன் சுடும் கடை ஞாபகம் இருக்கிறதா? கடைக்காரர் துப்பாக்கியின் குழலை மடக்கி நிமிர்த்தித் தருவார். அப்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் இறுகிக்கொள்கிறது. விசையை அழுத்தியதும் ஸ்பிரிங் விடுபட்டு, பிஸ்டன் பாய்ந்து, காற்று குண்டைத் தள்ளுகிறது. கடைக்காரர் கையால் செய்கிற அந்த வேலையை இங்கே பேட்டரியும் மோட்டாரும் பல்சக்கரங்களும் செய்கின்றன. பல்சக்கரத்தில் பாதிச் சுற்றுக்குத்தான் பல் இருக்கும். பல் இருக்கும்வரை பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். பல் முடிந்ததும் பிஸ்டன் விடுபட்டுப் பாயும். ஒரு நொடிக்குள் பத்துப் பன்னிரண்டு முறை இது நடக்கும்.

விலை உயர்ந்த துப்பாக்கியில் கூடுதலாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். சுடும்போது தோளில் உதைப்பது போல இருக்க உள்ளே ஒரு எடை முன்னும் பின்னும் ஓடுகிறது. மேகசினில் குண்டு தீர்ந்ததும் தானாக நின்றுவிடுகிறது. விசையை மின்னணுச் சுற்று கவனித்துக்கொள்வதால், அழுத்தியதும் தாமதமில்லாமல் சுடுகிறது. குழலின் தொடக்கத்தில் ஒரு சிறு ரப்பர் மேலிருந்து குண்டை உரசி, அதைப் பின்பக்கமாகச் சுழல வைக்கிறது. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றிலேயே வளைகிறதல்லவா, அதே விதிதான். பின்பக்கமாகச் சுழலும் குண்டை மேக்னஸ் விளைவு மேலே தூக்கிப் பிடிக்கிறது. அது இல்லாவிட்டால் இத்தனை லேசான குண்டு சீக்கிரமே தரைக்கு இறங்கிவிடும். இருப்பதால் நாற்பது மீட்டருக்கு அப்பாலும் நேராகப் போகிறது.

சட்டமும் கண்டிப்பு. 2006-ல் திருத்திய சட்டப்படி, இந்த 6 மில்லிமீட்டர் குண்டின் ஆற்றல் சுமார் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. 0.2 கிராம் குண்டுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 99 மீட்டர் வருகிறது. அரை எம் வி ஸ்கொயர். பேரன் போட்டான், நான் சரி பார்த்தேன்! இந்த அளவுத் துப்பாக்கியை 18 வயது நிரம்பியவர்கள்தான் வாங்கலாம். தெருவில் கையில் எடுத்துக்கொண்டு போக முடியாது, பெட்டிக்குள்தான் போக வேண்டும். சுடுவதற்கென்று தனி மைதானங்கள் இருக்கின்றன, பக்கத்துச் சிபா மாவட்டத்தில் நிறைய.

இனிமேல்தான் கதை.

பேரன் பிறந்தநாளுக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டும் என்று நினைத்தேன். அவனிடம் கேட்டால் வேண்டாம் என்பான். ஒரு நாள் நடைப்பயிற்சி போனபோது ஒரு தள்ளுபடிக் கடையில் பெரிய பை நிறைய இந்தக் குண்டுகளைப் பார்த்தேன். அவன் வழக்கமாக வாங்குவதில் பாதி விலைகூட இல்லை. வாங்கி வந்து கொடுத்தேன். "தாத்தா, சூப்பர்" என்று கட்டிக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனவன், முகம் வாடித் திரும்பி வந்தான். ஒரு குண்டு நேராகப் போகிறதாம், அடுத்தது பாதியில் விழுகிறதாம், அதற்கடுத்தது மேலே ஏறிவிடுகிறதாம். இரண்டு முறை குண்டு சிக்கி நின்றும் போனதாம். "கியர்பாக்ஸ் போயிடுச்சுன்னு நினைக்கிறேன்" என்றான்.

அன்று இரவு சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். "அப்பவே சொன்னேன், கேட்டியா?" நானும் சும்மா இருக்கவில்லை. "உழைச்ச காசைக் கரியாக்கிட்டியேடா. விலையைப் பார்த்து ஏமாந்துட்ட" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். மறுநாள் அதை விற்றுவிடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னானாம். குறையுள்ள பொருள் என்று சொல்லித்தான் விற்க வேண்டும், பாதி விலைகூட வராது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "விக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துடலாம்டா" என்றேன். குண்டின் வேகத்தை அளக்கிற சிறு கருவியை நண்பனிடம் இரவல் வாங்கி வந்தான். ஒரு அட்டைப் பெட்டியில் பழைய துண்டுகளைத் திணித்து இலக்காக வைத்தோம். இருவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும், இதில் வேடிக்கை கிடையாது. நான் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு உட்கார்ந்தேன். முப்பத்தைந்து வருடப் பழக்கம் எங்கே போகும்?

முதல் பத்து குண்டுகள், நொடிக்கு மீட்டரில்: 88.2, 90.4, 81.7, 89.9, 76.5, 90.6, 85.3, 91.0, 79.8, 88.9.

சராசரி 86.2. பேரன் பார்த்துவிட்டு, "சராசரி பரவாயில்லையே தாத்தா" என்றான். இங்கேதான் கவனிக்க வேண்டும், மாணவர்களே. அதிக வேகத்துக்கும் குறைந்த வேகத்துக்கும் இடையில் 14.5 மீட்டர் இருக்கிறது. அடுத்த குண்டு எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. நம்பகம் என்பது சராசரியில் தெரியாது, வித்தியாசத்தில்தான் தெரியும். மாதச் சராசரி மழை பார்த்து யாராவது நாற்று நடுவார்களா?

பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் அப்படியே. ஆறாம் வகுப்பில் உங்களுக்குச் சொன்ன அதே பாடம். பேட்டரியை முழுதாக ஏற்றிப் பார்த்தோம், மாற்றமில்லை. சுழற்சி ரப்பரின் அழுத்தத்தை முழுதாகக் குறைத்தோம், மாற்றமில்லை. குழலைத் துணி சுற்றிய கம்பியால் துடைத்தோம், வெள்ளையாகப் பொடி வந்தது. வித்தியாசம் சற்றுக் குறைந்தது, போகவில்லை. மாற்றாதது இன்னும் ஒன்றுதான். அலமாரியில் அவனுடைய பழைய பையில் கொஞ்சம் குண்டு மிச்சமிருந்தது.

89.7, 90.2, 89.5, 90.4, 90.0, 89.8, 90.6, 89.9, 90.1, 90.3.

சராசரி 90. வித்தியாசம் 1.1 மட்டும்.

அறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவன் கல்லூரி வெர்னியரை எடுத்து வந்தான். அவனுடைய குண்டுகள் எல்லாம் 5.94-லிருந்து 5.96 மில்லிமீட்டருக்குள் அடங்கின. நான் வாங்கியவை 5.88-லிருந்து 5.96 வரை ஓடின. சிலவற்றில் அச்சு ஒட்டிய வரி நகத்தில் தட்டுப்பட்டது. ஒன்றை வெட்டிப் பார்த்தால் உள்ளே காற்றுக் குமிழி. சிறிய குண்டு வந்தால் அதைச் சுற்றிக் காற்று கசிந்துவிடும், வேகம் குறையும். வரி உள்ள குண்டு ரப்பரில் சிக்கும். துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தது.

பேரன் என்ன சொன்னான் தெரியுமா? "பரவால்ல தாத்தா, அப்பாகிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன்." என்னைக் காப்பாற்றப் பார்க்கிறான்! இந்தக் குண்டுதான் காரணமோ என்று அவனுக்கு முன்பே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. தாத்தா ஆசையாக வாங்கிக் கொடுத்தது என்று வாயைத் திறக்காமல், அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறான்.

அன்று இரவு அதே மேசையில் நோட்டை விரித்து வைத்தேன். "மாப்பிள்ளை, தப்பு என்னோடது. நான் வாங்கிக் கொடுத்த குண்டு சரியில்ல. பொருளையும் குறை சொன்னேன், பிள்ளையையும் குறை சொன்னேன்" என்றேன். பேரனைப் பார்த்து, "மன்னிச்சுக்கடா" என்றும் சொன்னேன். சொல்வதற்கு நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சொன்ன பிறகு நினைத்ததைவிட லேசாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு என்னையும் மைதானத்துக்கு அழைத்துப் போனான். அந்தப் படம் அங்கே எடுத்ததுதான். உள்ளே போகும்போதே ஒவ்வொரு துப்பாக்கியின் வேகத்தையும் அளந்து பார்த்துத்தான் விடுகிறார்கள். இடைவேளையில் மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லை என்று சுட்டுக் காட்டி, குழலுக்கு உறை போட வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொன்று. இந்தக் குண்டு பட்டால் அடையாளம் ஏதும் இருக்காது. பட்டதா இல்லையா என்பது பட்டவருக்கு மட்டுமே தெரியும். அவரே கையை உயர்த்தி "ஹிட்டோ!" என்று கத்திவிட்டு வெளியே நடக்க வேண்டும். விளையாட்டே இந்த நேர்மையை நம்பித்தான் நடக்கிறது. ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு 1994 ஞாபகம் வந்தது.

இனி எழுதுவது ஒருவருக்கு மட்டும்.

ஆறாம் வகுப்பு. நீளம் அளக்கும் பாடம். எல்லோருக்கும் மர ஸ்கேல் கொடுத்து மேசையை அளக்கச் சொன்னேன். உன் விடை மட்டும் அரை சென்டிமீட்டர் அதிகமாக வந்தது. மறுபடி அளக்கச் சொன்னேன். மறுபடியும் அதே விடை. "கவனமில்லை" என்று சொல்லி, அதே ஸ்கேலால் உன் உள்ளங்கையில் இரண்டு போட்டேன். "நான் சரியாத்தான் சார் அளந்தேன்" என்றாய். அதற்கு இன்னொன்று. மாலையில் ஸ்கேல்களை எடுத்து அடுக்கும்போதுதான் பார்த்தேன். உன்னுடைய ஸ்கேலின் பூஜ்யம் இருக்கிற முனை அரை சென்டிமீட்டர் தேய்ந்து போயிருந்தது. கொடுத்தது நான். மறுநாள் வகுப்பில், "முனை தேய்ந்திருந்தால் ஒன்றிலிருந்து அளக்க வேண்டும்" என்று பொதுவாகப் பாடம் நடத்திவிட்டுப் போய்விட்டேன். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதன் பிறகு அறிவியல் வகுப்பில் நீ கை தூக்கி நான் பார்த்ததில்லை.

இன்று நீ சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறாய். நூறில் ஒரு மில்லிமீட்டர் பார்க்கிற தொழில். என் பதிவுகளுக்குத் தவறாமல் லைக் போடுகிறாய், பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புகிறாய். நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை தம்பி. நீ இரண்டு முறையும் சரியாகத்தான் அளந்தாய். ஸ்கேல்தான் தப்பு. அடித்தது அதைவிடப் பெரிய தப்பு. வகுப்பில் எல்லோர் முன்னாலும் அடித்ததால், எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

தை மாதம் ஊருக்கு வருகிறேன். உன் பட்டறைக்கு ஒரு நாள் வரலாமா?

மற்றவர்களுக்கு ஒன்று: துப்பாக்கி வாங்கி வரச் சொல்லி யாரும் கேட்காதீர்கள். கொண்டு வர மாட்டேன். குண்டு வேண்டுமானால் ஒரு பை அப்படியே இருக்கிறது!

அன்புடன்,
உங்கள் வாத்தியார்