மிடியும் ஆயாவின் தாலாட்டும்

'மிடி' என்றால் வறுமை என்கிறது தமிழ் அகராதி. ஜவுளிக்கடைக்காரரைக் கேட்டால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தொங்கும் பாவாடை என்பார். சங்கீதக்காரர்களுக்கோ அது வாத்தியங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பாஷை. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில், சீக்வென்ஷியல் கம்பெனி கீபோர்டையும் ஜப்பானின் ரோலண்ட் கீபோர்டையும் ஒயரால் இணைத்தார்கள். ஒன்றில் வாசிக்க, மற்றது பாடியது. இதற்காக 2013-ல் டேவ் ஸ்மித்துக்கும் இகுதாரோ ககேஹாஷிக்கும் டெக்னிகல் கிராமி விருது கிடைத்தது.

அந்த பாஷை இப்போது செல்போனிலும் உண்டு. கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் இருக்கும் என் அக்கா மகனுக்கு செல்போன்தான் ஸ்டூடியோ. பக்கத்து வீட்டு ஆயா பாடும் தாலாட்டு ஒன்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆயாவுக்கு எண்பது தாண்டியாச்சு. அந்தப் பாட்டு தெரிந்தவர் வீட்டில் வேறு யாருமில்லை. ஆனால் மைக்கைக் கண்டால் வாயை இறுக்க மூடிக்கொள்வார். பையன் காதால் கேட்டே, புல்லாங்குழலும் தாளமுமாக ஓர் இசை 'ஆப்'பில் ஏற்றினான். அதை மிடி ஃபைலாக எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சிக்கு என் கம்ப்யூட்டரைத் தேடி வந்துவிட்டான்.

திறந்தோம். "மாமா, மேளம்கூட பியானோல கேக்குது!" என்று அலறினான். தூங்குகிற குழந்தை எழுந்து ஓடிவிடும் போலிருந்தது.

விஷயம் இதுதான். மிடி ஃபைலில் சத்தமே கிடையாது. எந்த சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பு மட்டும்தான். சமையல் குறிப்பை மோந்து பார்த்தால் சாம்பார் வாசனை வருமா? 1991-ல் வந்த 'ஜெனரல் மிடி' விதிப்படி தாளத்துக்கு 10-ம் சானல்; புல்லாங்குழலுக்கு நம்பர் 74. அந்த ஆப் எல்லாவற்றையும் ஒன்றாம் சானலிலேயே கொட்டியிருந்தது. பிரித்துப் போட்டதும் மேளம் மேளமாச்சு, குழல் குழலாச்சு.

ஆனால் ஆயாவின் இழுப்பைக் காணோம். மேல் சுரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குவாரே, தாலாட்டின் உயிரே அதுதானே!

போனையும் கம்ப்யூட்டரையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பையன்தான் கண்டுபிடித்தான். சுரத்தை வளைக்க 'பிட்ச் பெண்ட்' என்றொரு கட்டளை உண்டு. அதில் 16,384 படிகள். அத்தனை படியும் எவ்வளவு தூரத்துக்கு என்பது தனிக் கணக்கு. ஆப்பில் அது 12 அரைச்சுரம். கம்ப்யூட்டருக்கு நாம் சொல்லாவிட்டால் வழக்கமாக 2. ஃபைலில் அந்த ஒரு எண் மட்டும் ஏறவில்லை. ஆறு அரைச்சுர இழுப்பு ஒன்றாகச் சுருங்கிவிட்டது. 2-ஐ 12 ஆக்கினோம். ஆயா திரும்பி வந்தார்!

போனில் டியூன் போடும் தம்பிகளுக்கு: மிடி எடுக்கும்போது கூடவே ஒரு 'வேவ்' ஃபைலும் எடுத்துவிடுங்கள். ஒரிஜினல் எப்படி இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. பெண்ட் அளவையும் ஒரு மூலையில் குறித்து வையுங்கள்.

பையன் மலைக்குப் போய் ஆயாவிடம் போட்டுக் காட்டினானாம். முழுசாகக் கேட்டாராம்.

"இழுக்கறதெல்லாம் சரிதான். வாயில்லாத கொழலு என்னத்தடா பாடும்? எங்க, அந்த மைக்கப் புடி!"