ஆளில்லா நிலையம்

சில ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வாழும் மகளைக் காணச் சென்றிருந்தோம். ஒருநாள் அங்கிருந்து கார்லைல் செல்லும் இரயிலில் ஏறி, டென்ட் என்னும் சிறு நிலையத்தில் இறங்கினோம். வழியில் ரிபிள்ஹெட் என்னுமிடத்தில் 24 வளைவுகள் கொண்ட பெரும் பாலத்தைக் கடந்தபோது எங்களுக்கு உண்டான களிப்பு, இரயில் எங்களை இறக்கிவிட்டு அகன்றதும் மறைந்தது.

நிலைய அதிகாரி இல்லை. பயணச்சீட்டு வழங்குவோர் இல்லை. எங்களுடன் இறங்கியவரும் எவருமில்லை. கடல்மட்டத்திற்கு மேல் 1,150 அடி உயரத்தில் உள்ள அந்நிலையம், இங்கிலாந்தின் முதன்மை இருப்புப் பாதைகளில் மிக உயரமானது. கிராமமோ நான்கு மைலுக்கு அப்பால், பள்ளத்தாக்கில். குளிர்காற்று வீசியது. திரும்பிச் செல்லும் வண்டி வராவிடில் யாரிடம் முறையிடுவது? எங்களுள் ஒருவர் மற்றவரைக் கடிந்துகொண்டதையும் மறைப்பதற்கில்லை.

சற்று அமைதியடைந்த பின்னரே சுற்றிலும் நோக்கினோம். நடைமேடை தூய்மையாகப் பெருக்கப்பட்டிருந்தது. தொட்டிகளில் மலர்ச்செடிகள் நீர் ஊற்றப்பெற்றுச் செழித்திருந்தன. 'ஆளில்லா இடத்தில் இவற்றைப் பேணுவோர் யார்?' என்று வியந்தோம். அவ்வழியே நாயுடன் வந்த முதியவர் ஒருவர், பயணிகளும் அக்கம்பக்கத்தாருமே ஊதியமின்றி இப்பணியைச் செய்வதாகக் கூறி, அதன் வரலாற்றையும் விளக்கினார்.

1877இல் திறக்கப்பட்ட அந்நிலையம் 1970இல் மூடப்பட்டது. இருப்புப் பாதையை நேசித்தோர் சோர்ந்துவிடவில்லை. 1986இல் நிலையம் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால் அதே காலத்தில், பழுதுற்ற ரிபிள்ஹெட் பாலத்தைச் செப்பனிடப் பெருஞ்செலவாகும் என்பதைக் காட்டி, அப்பாதை முழுவதையுமே மூட முயன்றனர். 22,000க்கு மேற்பட்டோர் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவித்தனர். அவற்றுள் ஒரு நாயின் பாதச் சுவடும் இருந்தது! 1989 ஏப்ரலில் அரசு அம்முயற்சியைக் கைவிட்டது.

இதைக் கேட்டபின் அந்த நடைமேடை எங்களுக்கு வெறுமையாகத் தோன்றவில்லை. அங்கே பணியாளர் இல்லை. ஆயினும் அதைத் தமதென எண்ணுவோர் பலர் இருந்தனர். மாலையில் எங்கள் வண்டியும் குறித்த நேரத்தில் வந்தது.

அன்பர்களே, பொதுவான ஒன்று பாழாகும்போது, 'இதைக் கவனிக்க ஆளில்லையா?' என்று கேட்கிறோம். அக்கேள்வியை வேறெவரிடமோ கேட்கும் வழக்கத்தை, அன்றுமுதல் நாங்கள் சற்றுக் குறைத்துக்கொண்டோம்.